கற்றுக்குட்டிக் கேமராவும் மூன்று மீட்டரும்

சென்ற வாரம் கடற்கரை நடையின்போது என் பழைய அலுவலகத் தோழர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்துக் காட்டினார். பேரன் வாங்கிக் கொடுத்ததாம். "பத்து மெகாபிக்சல் ஐயா! ஒன்றுமே தெரிய வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கென்றே செய்தது" என்றார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை இரண்டு நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அது பொய். அவர் சொன்ன பொய் இல்லை, அவருக்கு விற்றவர்கள் சொன்ன பொய்.

நானும் அதே ரகக் கேமரா ஒன்றை மூன்று வருடம் முன்பு வாங்கியவன்தான். கடையின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம். அந்த விலையில் எல்லாக் கம்பெனியும் அப்போது ஏறக்குறைய ஒன்றைத்தான் விற்றார்கள். பத்து மெகாபிக்சல், மூன்று மடங்குக்குச் சற்று மேல் ஜூம், இரண்டு பென்சில் பேட்டரி, பின்னால் ஒரு சின்னத் திரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், வஞ்சனை வேண்டாம். பென்சில் பேட்டரி பெரிய வசதி. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். (சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் மலிவான பேட்டரியைப் போடாதீர்கள், பத்துப் படத்தில் படுத்துவிடும். சார்ஜ் செய்யும் ரகத்தில் நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.) பகல் வெளிச்சத்தில் படம் உண்மையிலேயே அழகாக வருகிறது. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைக் காலை எட்டு மணிக்கு எடுத்தேன். தூண்களும் நிழலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இளம் வயதில் என்னிடம் ஓர் ஆக்ஃபா க்ளிக் த்ரீ இருந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஒவ்வொன்றுக்கும் சம்பளத்தை நினைத்துக்கொண்டு அமுக்குவோம். இதில் நூறு எடுத்து தொண்ணூறை அழிக்கலாம், காலணா செலவில்லை. ஜூமும் கண்ணாடி நகர்ந்து கிட்டே கொண்டுவரும் நிஜ ஜூம். அதற்கு மேலே 'டிஜிட்டல் ஜூம்' என்று ஒன்று ஓடும். அது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் வேலை, அவ்வளவுதான். அதை அணைத்து வைப்பது உத்தமம்.

நிற்க. வழக்குக்கு வருகிறேன்.

அந்தப் பத்து மெகாபிக்சல் யாருக்கு? அஞ்சலட்டை அளவில், நாலுக்கு ஆறு அங்குலத்தில், பிரிண்ட் போட இரண்டு மெகாபிக்சல் சொச்சம் போதும். நாம் அதற்கு மேல் எப்போது பிரிண்ட் போட்டோம்? ஒளியை வாங்கிக்கொள்ளும் உள்ளேயுள்ள சில்லு எவ்வளவு பெரிது என்பதல்லவா கேள்வி! இந்த ரகத்தில் அது சுமார் ஆறு மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. அந்தத் துண்டு நிலத்தில் ஒரு கோடிப் புள்ளிகளைக் குடியேற்றினால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும்? பெட்டியின் முகப்பில் கோடி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

இன்னொன்று. கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டை இல்லை. பிரெஞ்சில் இதை 'விசேர்' என்போம், குறி பார்ப்பது என்று பொருள். லென்சுக்கு 'ஒப்ழெக்த்திஃப்', அதே சொல்லுக்கு இலக்கு என்றும் பொருள் உண்டு. இலக்கு இருக்கிறது, குறி பார்க்க வழியில்லை! காலை ஏழு மணிக்குக் கடற்கரைச் சாலையில் சூரியன் எதிரே ஏறும்போது அந்தத் திரையில் என் முகம்தான் தெரிகிறது. பக்கத்துப் பார்வைக்கு ஒரு கண்ணாடி, தூரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கும் எழுபது வயதுக்காரன், கையை நீட்டிப் பிடித்து, நடுங்கும் கையோடு திரையைத் தேட வேண்டும். ஆக்ஃபாவை முகத்தோடு அணைத்துப் பிடிப்போம், ஆடாது. கற்றுக்குட்டிக்கு முதலில் வேண்டியதையே பிடுங்கிக்கொண்டு, 'உங்களுக்கென்றே செய்தது' என்றால் என்ன நியாயம்?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது போன வருடம் ஜூலை 13-இல் நடந்தது.

அன்று இரவு நம் ஊர் சொல்தாக்கள் விளக்கு ஏந்தி ஊர்வலம் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா பார்த்தவர். பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருடாவருடம் போவார். "தம்பி, இந்த வருஷம் நல்லதா ஒண்ணு எடுத்துடு. அடுத்த வருஷம் நடக்க முடியுமோ என்னவோ" என்று மத்தியானமே சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் கடல் பக்கத்துச் சுவரோரம் நின்றேன். எதிரே யுத்த நினைவுச் சின்னம், விளக்கு அலங்காரத்தோடு. அண்ணன் வந்தார், நிமிர்ந்து நடந்தார். ஜூமை முழுதும் இழுத்தேன், பொத்தானை அமுக்கினேன். ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் படக்கென்றது. எனக்கு முன்னால் நின்றவரின் பின்னந்தலை வெள்ளை வெளேரென்று வந்தது. அதற்கப்பால் இருட்டு. ஃபிளாஷை அணைத்து மறுபடி எடுத்தேன். மஞ்சள் கோடுகளாக நாலைந்து விளக்கு, நடுவே ஒரு நிழல். பதினாறு படம், பதினாறும் அப்படியே.

டிசம்பரில் அண்ணன் போய்விட்டார். அண்ணி சட்டம் போடப் படம் கேட்டனுப்பினார்கள். நான் எடுத்துப் போனதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல அவரு எது தம்பி?" என்றார்கள்.

அன்று இரவுதான் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாணைகளின் அடிக்குறிப்பைப் படித்தே சம்பளம் வாங்கியவன், இதைப் படிக்கவில்லை! பொடி எழுத்தில் இருக்கிறது: ஃபிளாஷ் எட்டும் தூரம் சுமார் 3 மீட்டர், ஜூமை இழுத்தால் இரண்டு. நான் நின்றதோ பதினைந்து மீட்டர் தள்ளி. போதாததற்கு ஜூமை இழுக்க இழுக்க லென்ஸ் வாங்கும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதுவும் போட்டிருக்கிறது, இரண்டு எண்களாக, விளக்கம் இல்லாமல். ஆக, நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஜூமைத் தொடாமல், சாலையைக் கடந்து, அண்ணனுக்கு ஆறடிக்குள் போய் நின்றிருக்க வேண்டும். படம் கிடைத்திருக்கும். அந்தக் கேமராவாலேயே கிடைத்திருக்கும்.

தப்பு என்னுடையதும்தான், மறுக்கவில்லை. என் பேரன் "தாத்தா, உங்க கை ஆடியிருக்கும்" என்றான். ஆடியும் இருக்கும். ஆனால் 1888-இலேயே அமெரிக்காவில் ஈஸ்ட்மன், பொத்தானை நீங்கள் அமுக்குங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்தார். நூறு படம் எடுத்து முடிந்ததும் கேமராவையே தபாலில் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பி அனுப்பினார்கள். சொன்னதைச் செய்தார்கள். இன்று பொத்தானை அமுக்கச் சொல்கிறவர்கள் மற்றதை யார் தலையில் கட்டுகிறார்கள்? ஒளி குறைந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவனுக்கு இந்தக் கேமரா நல்ல கேமரா. தெரியாதவனுக்குத்தான் இது கஷ்டமான கேமரா. அதைத் தெரியாதவனுக்கென்று பெயரிட்டு விற்கிறார்கள்.

"அப்படியானால் பெரிய கேமரா வாங்கு" என்று சிலர் சொல்வார்கள். ஓய்வூதியக்காரன் கழுத்தில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டு நடக்கவா? வேண்டியது அதே சின்னப் பெட்டி, கொஞ்சம் பெரிய சில்லு, ஓர் ஓட்டை, முகப்பில் '3 மீட்டர்' என்று கொட்டை எழுத்து.

தாத்தாவுக்கு வாங்கித் தரப்போகும் பிள்ளைகளே, கடையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே எடுத்துப் பார்த்துப் பெட்டியைக் கட்டச் சொல்லாதீர்கள். தாத்தாவையும் கூட்டிப்போய் வாசல் வெயிலில் நிற்கவைத்துத் திரை தெரிகிறதா என்று கேளுங்கள். பிறகு கடையின் இருட்டு மூலையில் யாரையாவது நடக்கச் சொல்லி, அவர் கையாலேயே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அண்ணி வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருப்பது, பென்ஷன் காகிதத்துக்காக எப்போதோ ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம், பெரிதாக்கியது. அதில் பதக்கங்கள் இல்லை.