அமைதியான தெரு, அழகிய காட்டேஜ், அசல் டுபாக்கூர்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு விளம்பரத்தைத் தட்டிவிட்டிருந்தார். "கடலூர் முதுநகரில், வரலாற்றுச் சிறப்பு மிக்க அமைதியான தெருவில், பாரம்பரிய அழகு மாறாமல் புதுப்பிக்கப்பட்ட சிறிய காட்டேஜ் விற்பனைக்கு. உடனே குடியேறலாம்." கூடவே நாலு போட்டோ. மஞ்சள் சுவர், வெள்ளை பார்டர், வாசலில் ஒரு வெண்கல உருளி, அதில் மிதக்கிற பூ.

நம்ம ஊரில் காட்டேஜ் என்றால் வேளாங்கண்ணியில் திருவிழா சமயத்தில் ரூம் கிடைக்காமல் அலைகிறபோது ஞாபகம் வருகிற சமாச்சாரம். ஓட்டு வீட்டை ஓட்டு வீடு என்று எழுதினால் விலை ஏறாது போல. காட்டேஜ் என்று எழுதிவிட்டால் ஏறிவிடும்!

சிரிச்சிட்டு விட்டிருப்பேன். ஆனா அடுத்த நிமிஷம் சித்தப்பாவிடமிருந்து போன். "தம்பி, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமா? சின்ன வயசுல நாம இருந்த வீடு மாதிரியே இருக்குடா." அவர் ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து பேங்கில் போட்டு வைத்திருக்கிறார். இருக்கிற மொத்தப் பணமும் அதுதான். அதைத் தூக்கி அந்த உருளிக்குள்ள போடப் போறார்னு தெரிஞ்சதும் எனக்கு சிரிப்பு நின்னு போச்சு.

சிதம்பரத்தில் பஸ் ஏறினோம். எங்க வீட்டுக்கு அந்தக் காலத்தில் வேலை பார்த்த கொத்தனார் பெரியவர் ஒருத்தரையும் கையோடு கூட்டிக்கொண்டேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி ஓ.டி.யில் இறங்கினோம். (வெளியூர் மக்களுக்கு: முதுநகர் என்றால் உள்ளூரில் யாருக்கும் சட்டென்று ஓடாது. ஓ.டி. என்றால்தான் ஆட்டோவே கிளம்பும்.)

புரோக்கர் வாசலிலேயே நின்றார். முதல் வார்த்தையே "சார், இது ஹிஸ்டாரிக்கல் ஏரியா" என்பதுதான்.

அதில் பொய்யில்லை. கடலூரில் வரலாற்றை விலை பேசுவது இன்று நேற்று ஆரம்பித்ததும் இல்லை. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரைக்கும் போய் விழுமோ அதுவரைக்கும் நிலம் வாங்கினவனுக்கு, இதுதான் ஒப்பந்தம். சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்கு குண்டு கிராமங்கள் என்றே பெயர். செயிண்ட் டேவிட் கோட்டை வந்த கதை இது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த பிறகு, 1752 வரைக்கும் சோழமண்டலக் கரையில் இங்கிலீஷ்காரனுக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துத் தள்ளினார். இடித்தவர் மிச்சத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து "பாரம்பரியம் மாறாத கோட்டை" என்று யாருக்கும் விற்கவில்லை. அந்த நேர்மை கூட இந்த வியாபாரத்தில் இல்லை என்பதுதான் என் கடுப்பு.

வீட்டுக்குள் போவோம்.

வாசலில் திண்ணை இல்லை. இருந்த இடத்தில் பைக் ஏற்ற ஒரு சிமெண்ட் சரிவு. முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி. கூடத்தில் பளபளவென்று விட்ரிஃபைடு டைல்ஸ். அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வெளேர் என்று பால்ஸ் சீலிங், அதற்குள் சின்னச் சின்ன லைட்டு. "ஆறு லட்சம் செலவு பண்ணி ரெனவேட் பண்ணிருக்கு சார்" என்றார் புரோக்கர். சித்தப்பா முகத்தில் லைட் எரிந்தது.

பெரியவர் ஒன்றுமே பேசவில்லை. சுவரில் இடுப்பு உயரத்தில் விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் நின்று நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. உள்ளே வெள்ளையாக மாவு. "உப்பு பூத்துடுச்சு தம்பி" என்றார். "சுவத்துக்கு வேர்க்கணும். இவங்க வேர்வைய அடைச்சிட்டாங்க."

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் மொத்த மோசடியும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துச் செங்கல் சுவர் சுண்ணாம்பில் கட்டினது. தரையிலிருந்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கிற சிமெண்ட் பெல்ட் எல்லாம் அதில் கிடையாது. ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், வெயில் குடித்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடித்தால் போதும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. இன்னும் மேலே ஏறுகிறது. கடற்கரை ஊர், தண்ணீரில் உப்பு. அது பூச்சுக்கு அடியில் பூத்துப் பூத்து பெயிண்டைத் தள்ளும். தரையையும் டைல்ஸ் போட்டு அடைத்துவிட்டால் தரைக்கடியில் இருக்கிற ஈரமும் சுவருக்குத்தான் வரும். கடைசியில் சுவருக்குள் செருகியிருக்கிற உத்திரத்தின் நுனி நனைந்து மக்க ஆரம்பிக்கும். அங்கே கரையான் வந்தால் கண்ணில் படும் என்பதற்காகத்தான் இருக்கவே இருக்கு பால்ஸ் சீலிங். எல்லாம் மறைஞ்சிடும். வாங்கறவன் பணம் உட்பட!

பெரியவர் வெளியே வந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஆயா தானாகவே பேச்சுக்கு வந்தது. "தானே பொயல்ல இந்த வூட்டு ஓடு பூரா பறந்துச்சுப்பா. அப்பறம் ஷீட்டுதான் போட்டுக் கெடந்துச்சு. இப்ப வாங்குனவரு முன்னாடி மட்டும் பழைய ஓட்ட கொணாந்து அடுக்கிருக்காரு." நிமிர்ந்து பார்த்தோம். தெருப்பக்கம் நாலு வரிசை ஓடு. அதற்குப் பின்னால், தெருவில் நின்றால் தெரியாத இடத்தில், அதே பழைய தகரம். 2011 டிசம்பர் 30-ந்தேதி அடித்த புயலுக்குப் போட்ட தற்காலிகக் கூரை இன்னைக்கு 'பாரம்பரிய அழகு'!

"2015 மழைக்கு?" என்று கேட்டேன். "மொழங்கா தண்ணி" என்றது ஆயா. பின்னே? பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே ரோடு போட்டுப் போட்டு தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. சுரண்டிவிட்டுத்தான் போடணும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட வேண்டியிருந்தது. அதற்கு முன் ஏறின உயரம் ஏறினதுதான்.

அடுத்தது அந்த 'அமைதியான தெரு'. நான் எண்ணிப் பார்த்தேன். பதினாலு வீட்டில் ஆறு பூட்டிக் கிடக்கிறது. ஒன்றில் ஆலங்கன்று சுவரைப் பிளந்திருக்கிறது. ஆள் இல்லாத தெரு அமைதியாகத்தான் இருக்கும் சார், சுடுகாடும் அமைதிதான். பக்கத்தில் பாண்டிச்சேரியில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழர் பகுதித் தெருக்களை, கட்டடக்கலை படித்தவர்கள் 'பேசும் தெரு' என்கிறார்கள். திண்ணை இருந்தால் நாலு பேர் உட்காருவான், பேசுவான். திண்ணையை இடித்துவிட்டு அமைதி என்று விற்கிறவனை என்ன சொல்ல?

இந்த இடத்தில் சிலர் வரிந்து கட்டிக்கொண்டு வருவீர்கள், தெரியும். "திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதும் உங்க பாரம்பரியம்தானே?" ஆமாம். நந்தனார் கதை நடந்த ஊர்க்காரன் நான், அதை மறைத்து ஒரு வார்த்தை எழுத மாட்டேன். விளம்பரத்தின் கடைசி வரியில் 'வெஜ் ஃபேமிலி விரும்பத்தக்கது' என்றும் இருந்தது. சுண்ணாம்பைக் கைவிட்டவர்கள் இதை மட்டும் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறார்கள். பாரம்பரியத்தில் எதை விடணுமோ அதை வைத்துக்கொண்டு, எது உருப்படியோ அதை உடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழசு என்று நாம் கொண்டாடுகிற மங்களூர் ஓடே, 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை போட்ட பிறகு வந்த சரக்குதான். அதற்கு முன்னால் நாட்டு ஓடு. யாரோ ஒரு தாத்தா ஒரு நாள் மாற்றியிருக்கிறார். வீடு ஒழுகக்கூடாது என்று மாற்றினார். போட்டோவில் நன்றாக விழணும் என்று மாற்றவில்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். மற்றவனை மட்டும் திட்டினால் அது நல்ல பதிவு இல்லை. சிதம்பரத்தில் எங்களுக்கும் ஒரு வீடு இருந்தது. தேரோடும் வீதிக்கு உள்பக்கம், ரேழி, கூடம், முற்றம் வைத்த ஓட்டு வீடு. அப்பாவுக்குப் பிறகு பங்காளிகள் அஞ்சு பேர். வருஷா வருஷம் ஓடு மாற்ற ஆள் தேடணும், செலவை யார் கொடுப்பது என்று ஒவ்வொரு ஆடி மாசமும் சண்டை. விற்றோம். நானும் கையெழுத்துப் போட்டவன்தான். வாங்கினவர் மூணு மாசத்தில் தரைமட்டமாக்கிவிட்டு காம்ப்ளக்ஸ் கட்டினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம். உத்திரத்தைப் பற்றி ஒரு கண்ணீர்ப் பதிவு கூட எழுதினேன், நிறைய பேர் கூடச் சேர்ந்து அழுதீர்கள். இன்றைக்குச் சொல்கிறேன், அவர் யாரையும் ஏமாற்றவில்லை. இடிப்பேன் என்றார், இடித்தார். ஓடு மாற்றக் காசு கொடுக்காத நாங்கள்தான் அதற்கு முன்னாடியே பாதி இடித்திருந்தோம்.

பழுது பார்ப்பது என்று ஒரு மூன்றாவது வழியும் இருக்கிறது. கண்ணுக்கு எட்டின தூரத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். பாண்டிச்சேரி வைசியாள் வீதியில் 2002-லிருந்து ஐரோப்பிய யூனியன் நிதியோடு ஒரு திட்டம் நடந்தது. இன்டாக் அமைப்பு முன்னின்று செய்தது, வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள். போன திண்ணையும் தாழ்வாரமும் திரும்ப வந்தன. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. நடுவில் இருப்பது கொஞ்ச தூரம்தான். இங்கே? 2012-ல் தமிழ்நாட்டுக்கு மரபு ஆணையச் சட்டம் என்று நிறைவேற்றினார்கள். அமலுக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஓ.டி.யின் ஒரு சந்தில் இருக்கிற ஓட்டு வீட்டை அது வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தால் சுவர் காத்திருக்காது.

அதனால் வாங்கப் போகிற நாம்தான் கேட்கணும். 'புதுப்பிக்கப்பட்டது' என்று எவன் சொன்னாலும் இதைக் கேளுங்கள்:

1. பூச்சு சுண்ணாம்பா, சிமெண்டா? எந்தக் கொத்தனார் செய்தார், அவரிடம் பேசலாமா?
2. பால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டுவீர்களா? உத்திரத்தின் இரண்டு நுனியையும் பார்க்கணும்.
3. 2015-ல் தண்ணீர் எவ்வளவு உயரம்? (புரோக்கரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு ஆயாவிடம் கேளுங்கள்.)
4. வேலைக்கு முன்னால் எடுத்த போட்டோ எங்கே?
5. மூலப்பத்திரத்தில் எத்தனை வாரிசு, எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள்? வில்லங்கச் சான்றை நாமே எடுத்துப் பார்க்கணும்.

ஒழுங்காக வேலை செய்தவன் முதல் கேள்விக்கே மலர்ந்துவிடுவான். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைத்தேன் என்று நம்மை உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்வான். நம்ம புரோக்கர் இரண்டாவது கேள்விக்கே "வேற பார்ட்டி வெயிட்டிங் சார்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா பேசவே இல்லை. பி.முட்லூர் தாண்டினபோது பெரியவரைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, நம்ம பழைய வீட்ட அன்னைக்கே சுண்ணாம்புல சரி பண்ணிருக்கலாமோ?"

"பண்ணிருக்கலாம்" என்றார் பெரியவர். "யாரு கூப்ட்டீங்க?"

எனக்கும் சித்தப்பாவுக்கும் பதில் இல்லை. அதற்கப்புறம் நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்தப்பா இப்போது வேறொரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். பூச்சு உதிர்ந்து, செங்கல் தெரிகிற, எவனும் புதுப்பிக்காத வீடு. எல்லாமே வெளியில் தெரிவதால் பயமில்லையாம். இந்தத் தடவை அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால் பெரியவரிடம் நாள் கேட்டிருக்கிறார். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் வயசு, சுண்ணாம்பு வேலை கற்றுக்கொள்ள கூட ஒரு பையனும் இல்லை. அந்த மஞ்சள் சுவரைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

டிஸ்கி: ஓ.டி. காட்டேஜ் விளம்பரம் நேற்று மறுபடியும் வந்தது. விலை ரெண்டு லட்சம் ஏறியிருக்கிறது. உருளியில் பூ மாற்றியிருக்கிறார்கள், அதுவும் புதுப்பித்தல்தானே :-)