வில் இருக்கு, நாண் இருக்கு... அம்பு எங்கே?

ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் "நாண் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "வட்டத்தின் மேலுள்ள ஏதேனும் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். வில்லில் கட்டுகிற நாணும் இதுவும் ஒன்றா என்று கேட்டால் முழிப்பான். இரண்டு மார்க் கிடைத்துவிடும். படம்தான் மனதில் விழுந்திருக்காது.

இது அவன் தப்பில்லை. வட்டப் பாடத்தில் வரும் தமிழ்ச் சொற்களில் பாதிக்கு மேல் ஏற்கனவே படங்கள். அதை வரையறையாக்கி உருப்போட வைப்பதுதான் கோளாறு.

வட்டத்தின் ஓரமாக ஒரு கோடு போடுங்கள். வளைந்தது வில், நேரானது நாண். இனி வில்லாளி செய்வதைச் செய்யுங்கள். நாணின் சரி நடுவில் அம்பை வையுங்கள். அது நாணுக்குச் செங்குத்தாக நிற்கும். பின்பக்கம் நீட்டினால் நேராக வட்ட மையத்துக்குப் போகும். "மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து நாணை இருசமக் கூறிடும்" என்று பயமுறுத்துகிற தேற்றம் இவ்வளவுதான்!

ஆரம் 13 செ.மீ., நாண் 24 செ.மீ. என்றால் பாதி நாண் 12. பிதாகரஸ் தேற்றப்படி மையத்திலிருந்து நாணின் தூரம் 5. மீதி 8 செ.மீ. இருக்கிறதே, நாணிலிருந்து வில் வரை, அதுதான் அம்பு. பழைய இந்தியக் கணிதத்தில் அதற்குப் பெயரே சரம், அதாவது அம்பு. லத்தீனிலும் அதை அம்பு என்றுதான் சொன்னார்கள். நம் வகுப்பறைகளில்தான் அம்பைக் காணோம்.

அந்தப் பாதி நாண் சாதாரண ஆள் இல்லை. 499ஆம் ஆண்டையொட்டி ஆரியபட்டர் அட்டவணை போட்டது பாதி நாணின் நீளங்களுக்குத்தான். அர்த்த ஜ்யா, சுருக்கமாக ஜ்யா. அரபியில் அது ஜிபா ஆனது. உயிர்க்குறி போடாமல் எழுதியதால் பின்னால் வந்தவர்கள் ஜைப் (சட்டையின் மடிப்பு) என்று படித்துவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் அதை லத்தீனில் மொழிபெயர்த்தபோது சைனஸ். பத்தாம் வகுப்பில் எல்லோரையும் அழ வைக்கும் சைன், வழி தவறிய ஒரு வில் நாண்!

தமிழ் மீடியத்திலிருந்து பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கேயும் இதே படங்கள்தான். கார்ட் (அட்டை இல்லை) என்பது கிரேக்கத்தில் நரம்புக் கயிறு. ஆர்க் லத்தீனில் வில். ரேடியஸ் சக்கரத்தின் ஆரக்கால், நம் ஆரமும் அதே ஆரக்கால். டேஞ்சன்ட் தொடுவது, சீகன்ட் வெட்டுவது. தொடுகோடு, வெட்டுக்கோடு தெரிந்தவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

எல்லாச் சொல்லும் இவ்வளவு நன்றாக அமையவில்லை என்பதும் உண்மை. வட்டத்துண்டு, வட்டக்கோணப்பகுதி இரண்டும் குழப்பும். கேக்கை நடுவிலிருந்து வெட்டித் தந்தால் வட்டக்கோணப்பகுதி: இரண்டு ஆரம், ஒரு வில். ஓரமாக ஒரே கோட்டில் அறுத்தால் வட்டத்துண்டு: ஒரு நாண், ஒரு வில். இலங்கையில் ஆரத்தை ஆரை என்பார்கள், வட்டக்கோணப்பகுதியை ஆரைச்சிறை என்பார்கள். சிறை என்றால் சிறகு. எவ்வளவு அழகு! தமிழ்நாட்டுப் புத்தகம் இதைக் கடன் வாங்கினால் குறைந்து போகாது.

"அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 பாகை" என்பதையும் தச்சர் கையிலிருக்கும் மூலைமட்டத்தோடு சேர்த்துச் சொல்லலாம். வட்டப் பலகைக்கு மையம் தெரியவில்லையா? மூலைமட்டத்தின் மூலையை விளிம்பில் வைத்து, அதன் இரு கைகளும் விளிம்பை வெட்டும் இடங்களை இணைத்தால் விட்டம் கிடைத்துவிடும் (வீட்டுக் கூரையில் சுவருக்குச் சுவர் போகிறதே, அந்த விட்டமும் இதே சொல்தான்). வேறு இடத்தில் வைத்து இன்னொரு விட்டம் போட்டால், இரண்டும் வெட்டும் இடம் மையம். மூலைமட்டம் இல்லையென்றால் ஒரு ஏ4 தாளின் மூலை போதும். டப்பா மூடியைச் சுற்றி வட்டம் வரைந்து இன்றைக்கே செய்து பார்க்கலாம்.