பயம் முசிறியில், பயிற்சி திருச்சியிலா?

வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு நம் ஊரில் பட்டப்பெயர் தயாராக இருக்கிறது: ஊமைக்கோட்டான். வீட்டில் கேட்டால், "கூச்ச சுபாவம், வயசு வந்தா சரியாப்போயிடும்" என்பார்கள். பலருக்குச் சரியாகவும் போகிறது. ஆனால், எழுந்து வாசிக்கச் சொன்னாலே நெஞ்சு படபடத்து, தேர்வு நாளில் வயிற்றுவலி வந்து, நாலு பேர் முன்னால் சாப்பிடக்கூட முடியாமல், கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நிற்கும் பிள்ளையின் கதை வேறு. அது சமூகப் பதற்றக் கோளாறு. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருக்கிறது.

இதற்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை அல்ல, நடத்தைப் பயிற்சி. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' 2013-லேயே இப்படித்தான் வழிகாட்டியது. இந்தப் பயிற்சியில், பயப்படும் காரியங்களைச் சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்துவார்கள். பஸ்ஸில் "குளித்தலை ஒண்ணு" என்று பிள்ளையே டிக்கெட் கேட்க வேண்டும். அடுத்து, கடையில் தானே பேசிச் சாமான் வாங்குவது. அப்புறம் ஒரு தோழியிடம் ஒரு பத்தி வாசிப்பது, பிறகு மூன்று பேர் முன்னால், பிறகு வகுப்பில். ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானாக அடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பாதியில் ஓடினால் பயத்துக்குத்தான் பலம். பாசத்தில் பிள்ளைக்குப் பதிலாக அம்மா பேசுவதும், "தைரியம் வரட்டும்" என்று ஆசிரியர் ஒரேயடியாக மேடையில் ஏற்றிவிடுவதும் இரண்டுமே கெடுதல்.

கண்டக்டர், கடைக்காரர், வகுப்பறை எல்லாம் திருச்சி மாவட்டத்து முசிறியில் இருக்க, பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது திருச்சியைத்தான். சுமார் 40 கிலோமீட்டர். வாராவாரம் போனால் பாய் நெய்கிறவருக்கும், வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பிள்ளைக்குப் பள்ளியும் போச்சு. எத்தனை வாரம் தாங்கும்?

இத்தனைக்கும், தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-ல் தொடங்கியதே திருச்சியில்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, குழந்தைகள் உட்பட யாரையும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் போக வைக்கக் கூடாது, வசிப்பிடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. 14416 என்ற உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் போனில் பேசவே நடுங்கும் பிள்ளை அதில் எப்படிப் பேசும்?

பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. முசிறி அரசு மருத்துவமனைக்கு வாரம் ஒரு நாள், பள்ளி விட்டபின் மாலையில், குழந்தைகளோடு பழகிய உளவியலாளர் ஒருவர் வர வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கு இந்தப் படிமுறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் இந்தக் கல்வியாண்டுக்குள் இதைத் தொடங்கட்டும். பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் தீர்மானம் போட்டு, கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். மனுவில் அந்த 18-ஆம் பிரிவை மறக்காமல் குறிப்பிடுங்கள்.