விளக்கு எரிந்தால் கியர் பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை



போன வாரம் பேத்தியின் படம் போட்டிருந்தேன். பேத்தியை விட்டுவிட்டு, பின்னால் நின்ற பழைய வேனைப் பார்த்து மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்: "சார், இது இன்னும் ஓடுதா?" ஓடுகிறது. எப்படி ஓடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும். நான் பாடம் எடுத்தால் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிஷம் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே!

நானும் வீட்டம்மாவும் இப்போது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் மகன் வீட்டில் இருக்கிறோம். மகன் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு செய்ததில் அவனும் வீட்டில் இருக்கிறான். மருமகள் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அவள் வேலைக்குப் போவது அந்த 2005 மாடல் மினிவேனில். இங்கே அவள் போகும் வழியில் பஸ் கிடையாது. வண்டி நின்றால் வேலையும் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் ஒரு நாள் சாயங்காலம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் 35 மைல் வேகத்துக்கு மேல் உறுமலே தவிர ஓட்டம் இல்லை. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் கோளாறு, வண்டிக்கு வயசாகிவிட்டது, வேறு கியர் பாக்ஸ் போட வேண்டும், 3,800 டாலர்" என்றார்களாம். மகன் கிரெடிட் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எதை வைத்துப்பா கியர் பாக்ஸ் என்று சொன்னார்கள்?"

"விளக்கு எரியுதுப்பா. கோட் வந்திருக்கு."

"அந்தக் கோட் என்ன சொல்லுது?"

அவனுக்குத் தெரியவில்லை. சீட்டைப் பார்த்தோம். பி-0700 என்று இருந்தது.

இங்கே 1996 மாடலிலிருந்து விற்கும் கார்கள் எல்லாவற்றிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசி கொண்ட ஒரு சாக்கெட் இருக்க வேண்டும். கருவியை அதில் செருகினால், வண்டியின் கம்ப்யூட்டர் தன் புகாரை எண்ணாகச் சொல்லும். ஆனால் பி-0700 என்பது கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு அல்ல. கியரைக் கவனிக்கும் கம்ப்யூட்டர், எஞ்சின் கம்ப்யூட்டரிடம் "என்னிடம் ஒரு புகார் இருக்கிறது, விளக்கைப் போடு" என்று கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். தலைமையாசிரியர் அறைக்கு வந்து, "சார், பத்தாம் வகுப்பு பி பிரிவில் ஏதோ சத்தம்" என்று சொல்லும் பையனைப் போல. என்ன சத்தம் என்று தெரிய அந்த வகுப்புக்குத்தான் போக வேண்டும். விலை மலிவான கருவிகள் பல இந்த வாசலோடு நின்றுவிடும். கியர் கம்ப்யூட்டரையே கேட்கும் கருவி வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் அது இருந்தது. அவர் ரிட்டயர்ட் மெக்கானிக். மாட்டினார். பி-0720 என்று வந்தது. கியர் பாக்ஸிலிருந்து வெளியே போகும் வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். சென்சாரில் கோளாறு என்றுகூட அது சொல்லவில்லை, மின்சுற்றில் என்றுதான் சொல்கிறது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

வேகம் தெரியாவிட்டால் எப்போது கியர் மாற்றுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் கியர் பாக்ஸை மேலும் கெடுக்காமல் இருக்க ஒரே கியரில் பூட்டிவிடுகிறது. வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும் ஒரு வழி. நாங்கள் நோய் என்று பயந்தது உண்மையில் வண்டியின் தற்காப்பு.

பிறகு வரிசையாகப் பார்த்தோம். முதலில் கியர் ஆயில். இந்த வண்டியில் எஞ்சின் ஓடும்போது, சூடான பிறகு, 'பார்க்'கில் வைத்துக் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். சில கம்பெனி வண்டிகளில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், சிலவற்றில் கம்பியே கிடையாது. அதனால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் படியுங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தது, சிவப்பு நிறம் இருந்தது. கருகிய வாடை இல்லை. கருகியிருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம். அடுத்து பேட்டரி. மின்னழுத்தம் குறைந்தாலே இந்தக் கம்ப்யூட்டர்கள் தாறுமாறாகப் புகார் சொல்லும். பேட்டரி நன்றாக இருந்தது.

மூன்றாவது அந்த சென்சார். காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், எதிரே பல்சக்கரம். பல் கடக்கும்போதெல்லாம் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பிளஸ் டூவில் நான் கத்திக் கத்திச் சொன்ன மின்காந்தத் தூண்டல், 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது, கொலம்பஸில் ஒரு வேனுக்கடியில்! மல்டிமீட்டரில் சுருளின் மின்தடை சரியாகவே காட்டியது. அப்படியென்றால் சென்சார் மேலும் குற்றமில்லை. கடைசியாகக் கனெக்டரைக் கழற்றினோம். உள்ளே பின் முழுக்கப் பச்சைக் களிம்பு.

இங்கே குளிர்காலத்தில் பனி உருக சாலையில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் உள்ளே கசிந்திருக்கிறது. சுத்தம் செய்து, தண்ணீர் புகாமலிருக்க கிரீஸ் தடவி மாட்டினோம். மொத்தச் செலவு 20 டாலருக்குள். ஏழு வாரமாக விளக்கு எரியவில்லை.

அந்தப் பச்சைக் களிம்பைப் பார்த்ததும் என் மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1993இல் நம் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில், மீட்டர் சமனச் சுற்று சோதனை. ஒரு பையன் வந்து, "சார், முள்ளு ஒரே பக்கம்தான் போகுது" என்றான். "உனக்கு கனெக்‌ஷன் கொடுக்கத் தெரியல, போய் ஒழுங்கா கொடு" என்றேன். மூன்று தடவை பிரித்து மாட்டினான். மூன்று தடவையும் அதே கதை. எல்லார் முன்னாலும் திட்டினேன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட மறுத்தேன். மறு வாரம் இன்னொரு மாணவிக்கும் அதே மேஜையில் அப்படியே ஆனது. அப்போதுதான் திருகைக் கழற்றிப் பார்த்தேன். செப்புத் தகட்டுக்கடியில் பச்சைக் களிம்பு.

தேய்த்துச் சரிசெய்தேன். அவன் நோட்டிலும் கையெழுத்துப் போட்டேன். ஆனால், "தப்பு உன்னுடையது இல்லைடா" என்று அவனிடம் சொல்லவில்லை. வாத்தியார் என்ற கௌரவம் தடுத்தது.

அந்த ஒர்க்‌ஷாப்காரரைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். அவசரமாகத் தீர்ப்புச் சொன்னார், அவ்வளவுதான். நான் செய்ததும் அதுதான். புகார் வந்த இடத்தையும் கோளாறு இருக்கும் இடத்தையும் ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

"சார், எல்லாராலும் வேனுக்கடியில் படுக்க முடியுமா?" என்பீர்கள். வேண்டாம். மூன்று கேள்வி கேட்டால் போதும். எந்தக் கோட் வந்தது? எதை அளந்து பார்த்தீர்கள்? அளவு எவ்வளவு வந்தது? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். இன்னொன்று, கோட்களை எழுதி வைத்துக்கொள்ளாமல் அழிக்கவோ, பேட்டரி ஒயரைக் கழற்றவோ விடாதீர்கள். சாட்சியைக் கலைத்துவிட்டு விசாரணை நடத்த முடியாது.

அதற்காக எல்லா விளக்கும் களிம்புதான் என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். எஞ்சின் சுற்றியும் வண்டி நகராமல் வழுக்கினால், ஆயில் கருகி நாற்றம் அடித்தால், ஆயிலில் உலோகத் துகள் மின்னினால், பெரிய செலவுதான். கியர் ஆயில் சூடு விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். இரண்டாவது கியரில் பூட்டிக்கொண்ட வண்டியை ஹைவேயில் ஏற்றாதீர்கள். 3,800 டாலர் கொடுக்க வேண்டிய நாளும் வரலாம். அன்றைக்கும் அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அந்தப் பையன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். என் பதிவுகளுக்கெல்லாம் தவறாமல் லைக் போடுகிறான். பெயர் சொல்லப் போவதில்லை, படித்தால் அவனுக்கே தெரியும்.

தம்பி, அன்றைக்கு நீ கொடுத்த கனெக்‌ஷன் சரியாகத்தான் இருந்தது. சொல்லத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்