பேச்சு பிந்திய பிள்ளைக்குப் பட்டப்பெயர் வேண்டாம்



கேள்வி கேட்டால் முழிக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. காது நன்றாகக் கேட்கும், விளையாட்டில் சுட்டி. "பீரோ மேல இருக்கிற பைக்குள்ள சீப்பு இருக்கும், எடுத்து அக்காகிட்ட குடு" என்றால் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். பள்ளியில் நடந்த சண்டையைச் சொல்லச் சொன்னால், யார் யாரை அடித்தார்கள் என்பது கடைசிவரை நமக்குப் பிடிபடாது. மக்கு, சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்ற பட்டங்களில் ஒன்று இரண்டாம் வகுப்புக்குள் கிடைத்துவிடும்.

அப்படிப் பட்டம் வாங்கிய பிள்ளைகளின் பெற்றோரும், அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் டொரத்தி பிஷப் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தவர். 1980களின் தொடக்கத்தில் அவர் ஒரு சோதனையை உருவாக்கினார். நான்கு படங்களைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்வார்கள். குழந்தை பொருத்தமான படத்தைத் தொட வேண்டும், பேச வேண்டியதே இல்லை. சொற்கள் அத்தனையும் தெரிந்த குழந்தைகூட, அவை கோக்கப்பட்ட விதத்தில் தடுமாறுவது அதில் தெரிந்துவிடும். தமிழில் 'நாயைத் துரத்திய பூனை', 'நாய் துரத்திய பூனை' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஓர் ஐகாரத்தில் துரத்தியவரும் ஓடியவரும் இடம் மாறிவிடுகிறார்கள். அந்த ஐகாரத்தை வேகமான பேச்சில் பிடிக்க முடியாத பிள்ளைக்கு வகுப்பில் பாதிப் பாடம் போய்விடுகிறது.

வளர்ப்புச் சரியில்லை என்று தாயைக் குறைசொல்பவர்களுக்கும் பிஷப்பின் ஆய்வில் பதில் இருக்கிறது. 1995இல் அவரும் சகாக்களும் 90 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குக் குறைபாடு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, தனித்தனிக் கருவிலிருந்து வளர்ந்த இரட்டையரைவிடக் கூடுதலாக இருந்தது. மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதே இதன் பொருள். கைப்பேசியைக் குறைப்பது நல்லதுதான். அதற்காக மருமகளைக் கூண்டில் ஏற்றாதீர்கள். நாக்கில் வசம்பு தடவினாலும் இது தீராது.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளி சேர்ந்த பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வேறு நோய் எதுவும் காரணமில்லாமல் மொழிக் குறைபாடு இருந்தவர்கள் 7 விழுக்காட்டுக்கும் மேல். 30 பேர் வகுப்பில் இரண்டு பேர். இவ்வளவு பரவலாக இருந்தும் இதைப் பற்றிய ஆராய்ச்சி குறைவு. 1985 முதல் 2009 வரை வந்த ஆய்வுகளைக் கணக்கெடுத்து, ஆட்டிசம் போன்றவற்றோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு புறக்கணிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பிஷப்பே 2010இல் காட்டினார். ஆட்டிசத்துக்குக் கிடைக்கும் கவனத்தை நாங்கள் பங்கு கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள் என்கிறோம்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை எங்களில் பலருக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இக்குறைபாடு வருவதில்லை. பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கினால், உள்ள பேச்சும் குறையும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை அங்கீகரித்திருக்கிறது. அதன் விளக்கத்தில் வாசிப்பு, எழுத்து, கணக்கோடு பேசுவதும் புரிந்துகொள்வதும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் சான்றிதழுக்கான பரிசோதனை மூன்றாம் வகுப்பில், எட்டு வயதை ஒட்டித்தான். சான்றிதழ் அப்புறம் வரட்டும், மொழிப் பயிற்சி அதுவரை காத்திருக்கக் கூடாது.

இரண்டு வயதில் பேச்சு பிந்தும் பிள்ளைகளில் பலர் தாமாகவே தேறிவிடுவார்கள். நான்கு, ஐந்து வயதிலும் நடந்ததைக் கோவையாகச் சொல்ல முடியவில்லை, சொன்னது விளங்கவில்லை என்றால் 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்கும் அப்படி இருந்திருந்தால் அதுவே சீக்கிரம் காட்டுவதற்குக் காரணம்.

ஆசிரியப் பெருமக்களே, கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் பத்து விநாடி பொறுங்கள். தமிழைத் தடங்கலின்றி வாய்விட்டுப் படிக்கிற பிள்ளைக்குப் படித்தது புரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கதையைச் சொந்தமாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரும் மருத்துவக் குழுவிடம் சந்தேகமுள்ள பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். பேச்சுத் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது.

பெற்றோர்களே, முதலில் காதைப் பரிசோதியுங்கள். பிறகு உங்கள் மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது. அடுத்த பரீட்சை மார்க்கைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்காமல் இந்த மாதமே அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
பேச்சு பிந்திய பிள்ளைகளின் பெற்றோர், ஆசிரியர்கள்