வினாவின் எடை

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சிவகாசி தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போனது. தீக்குச்சி முனையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டின் வாய்பாட்டை எழுதுக என்பது ஒரு வேதியியல் வினா. அதற்கு நினைவாற்றல் ஒன்றே போதும். கேட்பவர்க்கும் எளிது, திருத்துபவர்க்கும் எளிது! சுவரில் எளிதிற் பற்றாத குச்சி பெட்டியின் பக்கத்தில் உரசியதும் பற்றுவதேன் என்பது மற்றொன்று. அப்பக்கத்திற் பூசிய சிவப்புப் பாஸ்பரஸ், உராய்வின் வெப்பத்தால் குளோரேட்டோடு வினைபுரிவதை மாணவர் இணைத்துக் காணல் வேண்டும். இரண்டிற்கும் ஒரே மதிப்பெண் வழங்குதல் முறையாகுமா?

ஆயினும், 'ஏன்' என்று கேட்பனவெல்லாம் சிந்தனை வினாக்கள் ஆகா. விடை பாடநூலில் அச்சாகியிருப்பின் அதுவும் மனப்பாடமே. பூச்சு முற்றும் தேய்ந்த பெட்டியில் புதுக்குச்சியும் பற்றாததேன் என்று வினவினால், நெட்டுருச் செய்தவர் திகைப்பர். உணர்ந்து கற்றவர் எழுதத் தொடங்குவர்.