முந்தும் பொறி

கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே என் தந்தையார் நடத்தும் பட்டறைக்குப் பழைய அம்பாசடர் கார்கள் இன்றும் வருகின்றன. "அண்ணே, வண்டி இழுக்கல. டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணி வைங்க" என்பார்கள். தந்தையார் மறுத்துவிடுவார். ஐந்து நிமிட வேலைதான். மறுத்தால் கூலியும் போகும், ஆளும் போவார். அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆளான என் செலவும் அடக்கம். ஆகவே எனக்குக் கோபம் வரும். இயற்பியல் படிக்கத் தொடங்கிய பின் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பொறி பட்டவுடன் பெட்ரோல் முழுதும் எரிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. சுடர் பரவ 2 மில்லி நொடி ஆனாலே கிராங்க் 36 பாகை திரும்பிவிடும். அதனால்தான் பிஸ்டன் உச்சியைத் தொடுமுன்பே பொறி விழவேண்டும். அளவுக்கு மீறி முந்திவிட்டாலோ, சுடர் எட்டாத மூலையிலுள்ள கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானே வெடிக்கும். மேடேறும்போது கேட்கும் ‘டக டக’ ஓசை அதுதான். அந்த அடி பிஸ்டன் தலையிலும் பேரிங்கிலும் விழுகிறது. சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு வண்டியின் பிஸ்டனில் (வேறெங்கோ ‘இழுவை’ ஏற்றிக்கொண்டு வந்தது) சுண்டுவிரல் நுழையும் ஓட்டை!

பிந்தினாலும் கேடுதான், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், ரேடியேட்டர் கொதிக்கும். நாளாக ஆக, பாயிண்டின் ஃபைபர் பகுதி தேய்ந்து, இடைவெளி குறைந்து, பொறி தானாகவே பிந்துகிறது. ஆகவே இழுவை குறைந்ததென்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குக் கொண்டுவரட்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவது பிறகு. உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுபோயிற்று. அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் திருவள்ளூரில் லான்சர் செய்ததும் பழங்கதை. கெடுத்துவிட்டு வேறொன்று வாங்கலாம் என்பதற்கில்லை.

ஒன்றில் மட்டும் தந்தையாரோடு எனக்கு வழக்குண்டு. அவர் டைமிங்கைக் காதால் வைக்கிறார். நான் டைமிங் லைட் வேண்டும் என்கிறேன். "புத்தகம் எழுதின காலத்துப் பெட்ரோலா இப்ப இருக்கு?" என்று கேட்கிறார். ஈயம் 2000-ல் போயிற்று, இப்போது 20 விழுக்காடு எத்தனால் வந்துவிட்டது. நியாயமான கேள்வி. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய காது அது. முப்பது ஆண்டுச் சுத்தியல் சத்தம் கேட்ட காது.

உதவித்தொகை வந்ததும் விளக்கு வாங்கப்போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.